திருவனந்தபுரத்தில் விமானம் தாமதித்தால்: தாமிரபரணிக் கரைப் பயணிகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி, விக்கிரமசிங்கபுரம் ஆகிய ஊர்களிலிருந்து திருவனந்தபுரம் வழியாக வெளிநாடு செல்வோருக்கும், அவர்களை வழியனுப்பவும் அழைத்து வரவும் போகும் குடும்பத்தாருக்கும்,

திருவனந்தபுரம் விமான நிலையம் கடலை ஒட்டி அமைந்தது. ஓடுபாதைக்கு மேற்கே உள்நாட்டு முனையம், அதன் வாசலைத் தாண்டினால் சாலை, சாலைக்கு அப்பால் சங்குமுகம் கடற்கரை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து இந்த இடம் நேர்கோட்டில் 65 கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆனால் நடுவே பொதிகை மலை நிற்கிறது. அதனால் வண்டிகள் ஒன்று தெற்கே நாகர்கோவில், களியக்காவிளை வழியாக வளைகின்றன. அல்லது வடக்கே தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக மலையேறி இறங்குகின்றன. எப்படிப் போனாலும் சுமார் 150 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். தூத்துக்குடி வாகைக்குளம் நிலையம் உள்நாட்டு விமானங்களுக்கானது. மதுரையிலிருந்து வெளிநாட்டுக்குச் செல்லும் விமானங்கள் சில மட்டுமே. எனவே துபாய், சார்ஜா, மஸ்கட், தோகா, குவைத் என்று வேலைக்குப் போகும் தாமிரபரணிக் கரை மக்களில் பலருக்குத் திருவனந்தபுரமே வாசல்.

இந்த வாசலில் பயணம் தடைபடுவது புதிதல்ல. மேற்குக் கடற்கரையின் பெருமழை, வளைகுடா நகரங்களின் குளிர்காலப் பனிமூட்டம், ஒரே விமானம் நாளில் பல ஊர்களுக்குப் போய்வருவதால் முதல் ஊரில் ஏற்படும் தாமதம் கடைசி ஊர் வரை நீள்வது என்று காரணங்கள் பல. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியபோது கேரள விமான நிலையங்களிலிருந்து வளைகுடாவுக்குச் செல்ல வேண்டிய பல விமானங்கள் ரத்தாயின. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். அதே மாதம் 14-ஆம் தேதி இந்த நிலையத்தில் இறங்கிய பிரித்தானியக் கடற்படையின் எஃப்-35பி போர் விமானமும், இறங்கிய பின் கண்டறியப்பட்ட ஹைட்ராலிக் கோளாறால் நகர முடியாமல் ஜூலை 22 வரை அங்கேயே கிடந்தது. உலகின் மிக விலையுயர்ந்த இயந்திரங்களில் ஒன்றே ஐந்து வாரங்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்த இடத்தில், சாதாரணப் பயணி ஆறு மணி நேரமோ ஓர் இரவோ காத்திருக்க நேர்வதில் வியப்பில்லை. வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அந்த நேரம் முழுதும் இரும்பு நாற்காலியிலேயே கழிந்துவிடுகிறது. வழியனுப்ப வந்த முதியோரும் குழந்தைகளும் வேனுக்குள் புழுங்கிக் கிடக்கிறார்கள். பல ஆண்டுகளாக இதே வழியில் போய்வந்தும் சங்குமுகத்து மணலை மிதிக்காத குடும்பங்கள் உண்டு.

காத்திருப்பு பயன்படுமா வீணாகுமா என்பதைத் தாமதச் செய்தி வந்த முதல் ஒரு மணி நேரமே முடிவு செய்கிறது. இந்திய விமான நிலையங்களில் முனையத்துக்குள் நுழைந்த பயணி நினைத்தவுடன் வெளியே வர இயலாது. பெட்டியை ஒப்படைத்துவிட்டால் சிரமம் கூடும். குடியகல்வு முத்திரை விழுந்துவிட்டால் விமான நிறுவனத்தாரின் துணையில்லாமல் வழியே இல்லை. ஆகவே வாசலில் நிற்கும்போதே விமான எண்ணைச் செயலியிலும் நிறுவனத்தின் தொலைபேசியிலும் சரிபார்ப்பது முதல் வேலை. பின்னிரவு விமானத்துக்கு மத்தியானமே வந்து சேர்ந்துவிடும் வழக்கம் நெல்லைப் பக்கத்தில் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். அவர்கள் கையில் தாமதம் இல்லாமலேயே அரை நாள் இருக்கிறது.

இரண்டாவது வேலை, உரியதைக் கேட்டுப் பெறுவது. இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளின்படி, தாமதம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் நேரத்துக்கு வந்து பதிவு செய்த பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானத்துக்கு 2 மணி நேரத் தாமதம், அதற்கு மேல் ஐந்து மணி வரை பறப்பதற்கு 3 மணி, அதையும் கடந்தால் 4 மணி என்பது கணக்கு. தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தாலோ விடுதியில் தங்க இடம் தர வேண்டும். வளைகுடா விமானங்கள் பலவும் இரவில் கிளம்புபவை என்பதால் இந்த இரண்டாம் பகுதி இவ்வட்டாரத்தாருக்கு மிகவும் பொருந்தும். கேட்காதவருக்கு இது பெரும்பாலும் கிடைப்பதில்லை. விமானம் ரத்தானால் வேறு விமானத்தில் இடம் அல்லது முழுப் பணம் என்பது பயணியின் தேர்வு. இயற்கைச் சீற்றம், போர் போன்ற காரணங்களில் இழப்பீட்டுத் தொகை கிடையாது. குறித்த நாளில் வேலையில் சேர வேண்டியவர்கள் தாமதச் சான்று ஒன்றைக் கவுண்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே போய்ச் சேர்ந்தபின் கேட்டுப் பெறுவது கடினம்.

மூன்றாவது, நேரக் கணக்கு. பன்னாட்டு விமானத்துக்குக் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பியிருப்பது பாதுகாப்பு. ஆகவே அறிவித்த புதிய நேரத்திலிருந்து மூன்று மணியைக் கழித்து, நகரப் போக்குவரத்துக்கு ஒரு மணியை ஒதுக்கி, மிஞ்சுவதே கையிருப்பு. எட்டு மணித் தாமதம் என்றால் உண்மையில் நான்கு மணிதான். அறிவித்த தாமதம் குறைந்து விமானம் முன்னதாகக் கிளம்பிய நிகழ்வுகளும் உண்டு. எனவே தொலைபேசியில் செய்தி எட்டும் தூரத்தில் இருப்பதும், மணிக்கொரு முறை நிலவரத்தைப் பார்ப்பதும் கட்டாயம். பாஸ்போர்ட்டும் விசாத்தாளும் பயணியின் உடலோடு இருக்க வேண்டும்; வேனிலோ பெட்டியிலோ வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகலாகாது. பெட்டிகளுக்குக் காவலாக ஒருவர் வண்டியில் இருக்க, மற்றவர்கள் முறைவைத்து இறங்குவது குடும்பமாக வந்தவர்களுக்கு ஏற்றது. தனியாக வந்தவர், ரயில் பயணச்சீட்டு இருந்தால், பூட்டிய பெட்டியை மத்திய ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில் வைக்கலாம்.

இந்த நிலையத்தின் இரு முனையங்களும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. பன்னாட்டு முனையம் கிழக்கே சாக்கைப் பக்கம், உள்நாட்டு முனையம் மேற்கே சங்குமுகம் பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது. சாலை சுற்றிக்கொண்டு போகிறது. முனையம் மாறி வந்து இறங்குவோர் அடிக்கடி பதறுவது இதனால்தான். பன்னாட்டு முனையத்திலிருந்து கடற்கரைக்குச் செல்ல ஆட்டோவோ காரோ வேண்டும். நெரிசலில்லாத வேளையில் கால் மணி நேரம் ஆகும்.

சங்குமுகத்தில் முதலில் கண்ணில் படுவது கல் மண்டபம். பத்மநாபசுவாமி கோயிலின் நீராட்டு விழாவான ஆராட்டுக்குரிய மண்டபம் அது. அருகே சிற்பி காணாயி குஞ்ஞிராமன் வடித்த சாகரகன்யகை என்னும் கடற்கன்னி, படுத்திருக்கும் பேருருவம். பழைய காப்பிக் கடைக் கட்டடமும் மர நிழலும் உண்டு. மணல் முன்பு மிக அகலமாக இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பின் தொடர்ந்த கடலரிப்பில் பெரும்பகுதி கரைந்தது; 2021 மே மாதம் டவ்தே புயலின்போது விமான நிலையச் சாலையே இடிந்து விழுந்தது. பிறகு தடுப்புச் சுவர் எழுப்பிச் சாலையை மீட்டார்கள். பருவமழைக் காலத்தில் மணல் சுருங்குவதும், டிசம்பருக்குப் பின் திரும்பச் சேருவதும் இந்தக் கடற்கரையின் இயல்பு. தெற்கே சற்றுத் தூரத்தில் வலியதுறைப் பாலம் தெரியும். கப்பலிலிருந்து சரக்கு இறக்க 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலம் 1947-இல் ஒரு கப்பல் மோதி உடைய, 1956-இல் புதிதாகக் கட்டியது இது. 2024 மார்ச்சில் அலைகள் இதையும் பிளந்துவிட்டன.

திருச்செந்தூர்க் கடலைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு இங்கே ஒரு மாற்றம் உடனே தென்படும். அங்கே கடலில் கதிரவன் உதிக்கிறான். இங்கே கடலில் மறைகிறான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மறையும் நேரம் அதிகம் மாறுவதில்லை. மாலை 6 மணிக்கும் 6.50-க்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் பொழுது மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். முழு வட்டமும் நீரைத் தொட்டு இறங்குவதை ஒரு முறையாவது வயதானவர்கள் காண, இரவு விமானத்துக்கு வந்த குடும்பம் ஐந்தரை மணிக்குச் சங்குமுகம் போனால் போதும். கையிருப்பு இரண்டு மணி நேரமே என்றாலும் இது கைகூடும்.

ஆண்டில் இரண்டு நாள்களில் இந்தக் காத்திருப்பு விமான நிலையத்தின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனித் திருவிழாவும் ஐப்பசித் திருவிழாவும் பத்துப் பத்து நாள்கள் நடந்து ஆராட்டோடு முடியும். ஆராட்டு என்பது சாமி கடலில் நீராடுவது. அந்த ஊர்வலம் கோயிலின் மேற்கு வாசலிலிருந்து கிளம்பி மேற்குக் கோட்டை வழியாக வந்து, விமான ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, சங்குமுகம் சேர்கிறது. விமானத் தளம் 1932-இல் தொடங்கியபோது ஊர்வலப் பாதை அதற்குள் அகப்பட்டது. ஆனால் பாதையை மாற்றவில்லை, தளம்தான் வழிவிடுகிறது. அன்று மாலை ஏறத்தாழ நான்கு முதல் ஒன்பது வரை ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடப்படும். விமானிகளுக்கும் நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும். விமானங்களின் நேரமும் மாற்றப்படும். பயணிக்குத்தான் குறுஞ்செய்தி தப்பிவிடுகிறது. ஐப்பசியிலும் பங்குனியிலும் பயணச்சீட்டு எடுப்பவர்கள் ஆராட்டு நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

அப்படியும் அந்த நாளில் அகப்பட்டுக்கொண்டால், அதைப் பேறாகவே கொள்ளலாம். உலகின் எந்தப் பெரிய விமான நிலையத்திலும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி அது. பத்மநாபரும் நரசிம்மரும் கிருஷ்ணரும் கருட வாகனங்களில், தோள்களில் வருகிறார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் உடைவாளோடு நடந்து முன்செல்கிறார். யானை, குதிரை, வாத்தியம் எல்லாம் ஓடுபாதையின் தாரைக் கடந்து போகின்றன. கடற்கரையில் பூசை முடிந்து சாமி நீராடியபின் தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலம் திரும்பும். ஓடுபாதைக்குள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. சங்குமுகத்தில் மக்களோடு நின்று பார்க்கத் தடையில்லை. அன்று உள்நாட்டு முனையத்துச் சாலை நெரிசலில் திணறும் என்பதால், வண்டியைக் கிழக்குப் பக்கம் விட்டுவிட்டு வருவதே நல்லது.

சங்குமுகத்துக்கு வடக்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் வேளி. ஏரி கடலைச் சந்திக்கும் இடம். படகும் குழந்தைகளுக்கான சிறு ரயிலும் உண்டு. கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்குக் கடலலையை விட இந்த ஏரிக்கரை ஏற்றது. இன்னும் வடக்கே தும்பா. புவிகாந்த நடுக்கோடு அருகே செல்வதால் தேர்ந்தெடுத்த இந்த மீனவர் ஊரிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து ஏவிய முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. அப்போது பணியிடமாக இருந்த புனித மரிய மகதலேனா தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். இராமேசுவரத்து அப்துல் கலாம் தம் தொடக்க கால வேலையைச் செய்த இடம் என்பதே தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் போதுமான காரணம். பகல் வேளையாக இருக்க வேண்டும். அடையாள அட்டை கேட்பார்கள்.

கையிருப்பு மூன்று நான்கு மணி நேரமாக இருந்து, மழையும் பெய்தால், கடற்கரையை விட்டு நகரத்துக்குள் போவதே சரி. விமான நிலையத்திலிருந்து கோட்டைப் பகுதி ஐந்தாறு கிலோமீட்டர். பத்மநாபசுவாமி கோயில் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. இதைப் பாடிய நம்மாழ்வார் தாமிரபரணிக் கரையின் ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர். பள்ளிகொண்ட பெருமாளின் 18 அடித் திருமேனியை மூன்று வாசல்கள் வழியாகத்தான் காண முடியும்; முதல் வாசலில் முகமும் நடுவில் நாபியும் மூன்றாவதில் பாதமும். 12,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரைக் கலவையில் சேர்த்துச் செய்த திருமேனி என்பது மரபு. ஏழுநிலைக் கோபுரம் தமிழகப் பாணியில் எழுந்தது. ஆண்கள் மேலாடையின்றி வேட்டியோடு, பெண்கள் சேலை அல்லது முண்டு உடுத்தியே உள்ளே செல்ல முடியும். கால்சட்டையோடு வந்தவர்களுக்கு மேலே சுற்றிக்கொள்ள வேட்டி அங்கேயே கிடைக்கும். கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே விமான நிலவரம் சொல்ல ஒருவர் வெளியே நிற்பது நல்லது. உச்சிப்பொழுதுக்கும் மாலைக்கும் இடையில் நடை சாத்தியிருக்கும்.

கோயிலின் பக்கத்திலேயே குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய இந்த அரண்மனையின் மேல்தளத்தைத் தாங்கும் மரச்சிற்பங்களில் 122 குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. இந்த மன்னரின் அவையில்தான் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். நகரின் வடபகுதியிலுள்ள நேப்பியர் அருங்காட்சியகம் 1880-இல் முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டிய ராபர்ட் சிஷோமே இதற்கும் வரைந்தவர். திங்கட்கிழமைகளில் இவை மூடியிருக்கும்.

கோட்டைக்குக் கிழக்கே சாலைக் கடைத்தெரு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கிய இந்தச் சந்தையில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிறார்கள். மொழி தெரியாத தயக்கமின்றிப் பேரம் பேசலாம். அரிசி, வெற்றிலை, தேங்காயெண்ணெய், பாத்திரம், மாலை என்று தெருக்கள் பிரிந்துபோகும். ‘கிருஷ்ணப் பருந்து’ எழுதிய ஆ. மாதவன் இந்தத் தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர். கடையிலிருந்தபடி பார்த்த மனிதர்களையே கதைகளாக்கினார். 2015-இல் சாகித்திய அகாதமி விருது பெற்று, 2021-இல் மறைந்தார். நகுலனும் நீல பத்மநாபனும் இதே நகரத்திலிருந்து எழுதியவர்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். 1891-இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ நாடகமும், அதிலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்தும் திருவனந்தபுரம் தமிழுக்குத் தந்தவை. நெல்லைப் பள்ளிக்கூடங்களில் காலைதோறும் அந்த வாழ்த்தைப் பாடும் பிள்ளைகள், அதை எழுதியவர் வாழ்ந்த ஊருக்கு வந்தும் விமான நிலையத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது பெரிய இழப்பு.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். கோட்டைப் பகுதியிலும் தம்பானூரிலும் சைவ உணவகங்கள் நிறைய. போளியின் மேல் பால்பாயசம் ஊற்றிச் சாப்பிடுவது இந்த நகரத்துக்கே உரிய வழக்கம். நெல்லைப் போளியை அறிந்த நாக்கு இதையும் ஏற்கும். அசைவத்துக்கு மரச்சீனியும் மீன் குழம்பும். தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சுருளாக மேலேறும் சாய்தளத்தின் ஓரமாகவே மேசைகள். கட்டடக் கலை பயில்வோர் தேடி வந்து பார்க்கும் இந்த இடத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர் ஒரு காப்பிக்கு அமரலாம்.

கையிருப்பு ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால்தான் கோவளம். விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டர் என்றாலும் மாலை நெரிசல் கடுமையானது. கோவளம் அடுத்தடுத்த பிறை வடிவக் கடற்கரைகளால் ஆனது. கலங்கரை விளக்கப் பக்கம் கூட்டமும் கடைகளும் அதிகம். வடக்கே சமுத்திரா கடற்கரை அமைதியானது. பாறைமேல் 1972-இல் எழுப்பிய விழிஞம் கலங்கரை விளக்கம் 36 மீட்டர் உயரம்; மேலே ஏறினால் தெற்கே புதிய துறைமுகம் முழுதும் தெரியும்.

அந்த விழிஞத்தைத் தாமிரபரணிக் கரையார் வெறும் சுற்றுலா இடமாகப் பார்க்க முடியாது. பொதிகையைச் சூழ்ந்த நாட்டை ஆண்ட ஆய் மன்னர்களின் துறைமுகம் அது. மலையின் கிழக்கில் பிறக்கும் பொருநை எனும் தாமிரபரணியும் மேற்கில் இறங்கும் நெய்யாறும் ஒரே மலைக்கூட்டத்து மழையைப் பகிர்ந்துகொள்வது போல, இரு பக்கத்து வரலாறும் ஒன்றோடொன்று பின்னியது. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் வேணாட்டரசனை வென்று விழிஞத்தை அழித்ததை அவனது சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. பின்னர் சோழர்களும் இதைக் கைப்பற்றினார்கள். துறைமுகம் அருகே சிறு குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரே ஓர் அறை. வெளிச்சுவரில் பாதி செதுக்கிய சிவனும் பார்வதியும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் சிற்பியின் உளி எங்கே நின்றது என்று பாறையிலேயே தெரிவதால், ஐந்து நிமிடத்தில் நகர மனம் வராது. அங்கிருந்து பார்த்தால் எதிரே மீன்பிடித் துறை. அதற்கும் அப்பால் 2025 மே 2 அன்று முறைப்படி திறந்த பன்னாட்டுத் துறைமுகத்தின் பளுதூக்கிகள். கரையை ஒட்டியே இயற்கையாக ஆழம் கிடைப்பதும், கிழக்கு மேற்குக் கப்பல் வழி மிக அருகே செல்வதும்தான் ஆய் மன்னர்களையும் இன்றைய கப்பல் நிறுவனங்களையும் இங்கே இழுத்தவை.

கடலில் இறங்குவது பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆற்றில் நீந்தப் பழகியவருக்குக் கடல் பழக்கமல்ல. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் குதித்து வளர்ந்தவர் தம் நீச்சலை நம்பி கோவளத்தில் ஆழத்துக்குப் போவது ஆபத்து. மேற்குக் கரையில் பல இடங்களில் தரை சட்டென்று இறங்கும். உடைந்த அலை திரும்பும்போது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் உண்டாகும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைக் கடந்தபின் திரும்ப வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இறங்கவே கூடாது. கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்லும் நிகழ்வும் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வீசிய புயலின் அலைகள், காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரெனக் கரையில் ஏறும். 2024 மே 6 அன்று அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தார்கள். ஐதராபாத்தின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. சிவப்புக் கொடி பறந்தாலோ, உயிர்காப்பாளர் ஊதல் ஊதினாலோ கணுக்கால் நீரிலிருந்தும் வெளியே வந்துவிட வேண்டும். சில மணி நேரத்தில் பறக்க வேண்டியவருக்கு ஈர உடையும் ஒரு சிக்கல்தான். மாற்றுடை ஒன்று கைப்பையிலேயே இருப்பது உதவும்.

இரவு தங்க நேர்ந்து, நிறுவனம் விடுதி தந்துவிட்டால், மறுநாள் பகலை வர்க்கலைக்குத் தரலாம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ரயிலிலும் போகலாம். கடலையொட்டிச் செம்மண் குன்று செங்குத்தாக நிற்பது கேரளக் கரையில் அரிது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. குன்றின் அடியில் ஊற்று நீர் கசிகிறது. கடற்கரையின் பெயர் பாபநாசம். ஆடி அமாவாசைக்குப் பொதிகையடிவாரத்துப் பாபநாசத்தில் கூட்டம் முன்னோருக்கு நீர்க்கடன் செலுத்தும் அதே நாளில், கர்க்கடக வாவு என்று இங்கேயும் மணல் நிறைய மக்கள் பலிதர்ப்பணம் செய்ய நிற்பார்கள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பூவாறு, நெய்யாறு கடலில் கலக்கும் இடம். படகுக்காரர்கள் சொல்லும் தொகையை ஏறுமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும். முழுப் பகல் இல்லாதவர் இரண்டையும் விட்டுவிடலாம்.

வந்து இறங்கியவர்களின் காத்திருப்பு வேறு மாதிரி. நள்ளிரவுக்குப் பின் இறங்கி, களைத்த ஓட்டுநரோடு அப்போதே மலைச்சாலையில் கிளம்புவதுதான் இந்தப் பயணங்களின் மிகப் பெரிய ஆபத்து. மழைக்காலத்தில் ஆரியங்காவுப் பக்கம் மரம் சாய்வதும் மண் சரிவதும் உண்டு. ஓட்டுநர் மூன்று நான்கு மணி நேரம் தூங்கி எழ, வந்தவரும் பிள்ளைகளும் விடியலில் சங்குமுகம் கடற்கரையில் இருந்துவிட்டு, காலை உணவுக்குப் பின் கிளம்பினால் மத்தியானத்துக்குள் வீடு சேரலாம். வண்டி இல்லாதவர்களுக்குத் தம்பானூரிலிருந்து நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் அரசுப் பேருந்துகள் உண்டு. அதன் எதிரே இருக்கும் மத்திய நிலையத்திலிருந்து நாகர்கோவில் வழி ரயிலில் திருநெல்வேலி வந்து, தென்காசி ரயிலில் மாறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கலாம். கொல்லம் போய்ப் புனலூர், செங்கோட்டை வழியாக வருவது நேரம் கூடிய வழி. ஆனால் 1904-இல் திறந்து, அகலப்பாதையாக மாறி 2018-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய இந்த மலை ரயில்பாதையில் பகலில் வரும் வாய்ப்பு கிடைத்தால், சன்னலோரம் அமர்ந்து வருவது நல்லது. பெரிய பெட்டிகள் உள்ளவர்கள் கொல்லத்தில் மாறும் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வண்டி தவறினால் மறுநாள் வரை கொல்லத்திலேயே தங்க நேரும்.